மலையேறும் பழைய வண்டிகளும் இக்னிஷன் காயிலும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஏலத் தோட்டங்களுக்குச் சரக்கும் ஆளும் ஏற்றிச் செல்லும் பழைய வண்டிகளைப் பற்றிப் போடி, கம்பம், குமுளிப் பகுதிகளிலிருந்து வந்த கேள்விகளில், காயில் (பேட்டரியின் குறைந்த வோல்டேஜைப் பிளக்கில் பொறி விழும் அளவுக்கு உயர்த்தும் கருவி) தொடர்பானவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: பின்னால் சரக்குப் பெட்டி கட்டிய பழைய பெட்ரோல் ஜீப் வைத்திருக்கிறேன். போடிமெட்டு ஏறும்போது பாதி வழியில் நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் ஆறவிட்டால் மீண்டும் ஓடுகிறது. காயில் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடுகிறது. அதிக வோல்டேஜ் தரும் காயில் மாட்டினால் இழுவையும் கூடும் என்கிறார்கள். மாட்டலாமா? (போடி)

பதில்: வண்டி நிற்பதற்குக் காயில்தான் காரணமா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். 17 கொண்டை ஊசி வளைவுகளையும் தாழ்ந்த கியரில் மூட்டைகளுடன் ஏறும் எஞ்சினில், காயிலின் உட்கம்பி சூட்டில் விட்டுப்போனாலும் வண்டி நிற்கும். பம்பிலோ குழாயிலோ பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொண்டாலும் நிற்கும். இரண்டுமே ஆறியதும் சரியாகிவிடும். ஆகவே சோதனையை வண்டி நின்ற இடத்திலேயே, சூடு தணிவதற்குள் செய்ய வேண்டும். பெட்ரோல் கசிவு எங்கும் இல்லை என்று பார்த்துவிட்டு, காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு (பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்தனுப்பும் பாகம்) வரும் தடித்த ஒயரின் டிஸ்ட்ரிபியூட்டர் பக்க முனையைக் கழற்றி, பிடியில் நல்ல உறை உள்ள இடுக்கியால் எஞ்சின் இரும்பிலிருந்து 5 அல்லது 6 மில்லிமீட்டர் தள்ளிப் பிடித்துக்கொண்டு, வேறொருவரை ஸ்டார்ட்டர் போடச் சொல்லுங்கள். நீலநிறத்தில் படபடவென்று பொறி பாய்ந்தால் காயிலை விட்டுவிட்டுப் பெட்ரோல் பக்கம் போங்கள். பொறியே இல்லை என்றாலோ, மெலிந்து மஞ்சளாக வந்தாலோ கோளாறு மின்பக்கத்தில் இருக்கிறது. இந்தச் சோதனை பாயிண்ட் (காயிலுக்குப் போகும் மின்சாரத்தை மூடித் திறக்கும் தொடுமுனைகள்) வைத்த பழைய அமைப்புக்கு மட்டுமே. எலெக்ட்ரானிக் இக்னிஷன் வண்டியில் இப்படிச் செய்தால் மாட்யூல் போய்விடக்கூடும்.

அடுத்து சூட்டுக்கு வருவோம். ஓடும் காயில் சுடத்தான் செய்யும். ஆனால் கை வைக்கவே முடியவில்லை என்றால், தவறான காயில் மாட்டப்பட்டிருக்கிறதோ என்று முதலில் சந்தேகிக்க வேண்டும். 12 வோல்ட் வண்டிகளுக்கு இரண்டு வகைக் காயில்கள் கடையில் கிடைக்கின்றன. நேரடியாக இணைக்க வேண்டியதன் முதன்மைச் சுற்று (இரண்டு சிறு முனைகளுக்கு இடையே உள்ளது) ஏறத்தாழ 3 ஓம் காட்டும். பாலஸ்ட் ரெசிஸ்டருடன் (மின்னோட்டத்தைக் குறைக்கும் தனித் தடை) இணைக்க வேண்டியது ஏறத்தாழ 1.5 ஓம் காட்டும். முன்னதில் பாயிண்ட் மூடியிருக்கும்போது சுமார் 4 ஆம்பியர் பாயும். பின்னதை ரெசிஸ்டர் இல்லாமல் மாட்டினால் அது 8 ஆம்பியர் வரை போய், காயிலும் வேகும், பாயிண்டும் கருகும். வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே டப்பா என்பதால் மாறிப்போவது எளிது. ஒயர்களைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். தடித்த ஒயர் செருகும் நடுக்குழிக்கும் ஒரு சிறு முனைக்கும் இடையே பெரும்பாலும் 6,000 முதல் 15,000 ஓம் வரை இருக்க வேண்டும். குளிர்ந்த நிலையில் நல்ல அளவு காட்டும் காயில் சூட்டில் அறுந்து காட்டுவதுண்டு என்பதால், சூடாக இருக்கும்போதும் அளவெடுங்கள். 3 ஓம் காயில் சூட்டில் மூன்றரை ஓமுக்குச் சற்று மேல் காட்டினால் அது செம்பின் இயல்பு, குறையன்று. பாயிண்டுடன் இணைந்த சிறு மின்தேக்கியான கண்டன்சரையும் பாருங்கள், பாயிண்ட் முனைகள் அடிக்கடி கருத்துப்போனால் பெரும்பாலும் பழி அதன்மீதுதான். எஞ்சின் ஓடாமல் சாவியை மட்டும் போட்டு வைக்கும் பழக்கமும், பாயிண்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால், காயிலை வீணே சுடவைக்கும்.

இழுவை கூடுமா என்றால், கூடாது. காயில் தரும் வோல்டேஜ், பிளக் இடைவெளியைத் தாண்டுவதற்கு எவ்வளவு வேண்டுமோ அந்த அளவுக்குத்தான் ஏறும். அங்கே பொறி விழுந்தவுடன் ஏற்றம் நின்றுவிடும். உங்கள் எஞ்சினில் 12,000 வோல்டில் பொறி விழுமானால், 40,000 வோல்ட் என்று அச்சிட்ட காயிலும் அந்த 12,000-ஐத்தான் தரும். ஏற்கெனவே மிஸ் அடிக்கும் (இடையிடையே சிலிண்டர் எரியாமல் போகும்) வண்டியில் வேறுபாடு தெரியலாம். நன்றாக எரியும் எஞ்சினில் செலவுதான் தெரியும். வில்லிஸ் வழிவந்த நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் என்றால் பாயிண்ட் இடைவெளி 0.5 மில்லிமீட்டர், பிளக் இடைவெளி 0.75 மில்லிமீட்டர், இவற்றைச் சரிசெய்து நல்ல 3 ஓம் காயிலை மாட்டினால் போதும்.

கேள்வி: தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் காலையில் வண்டி எடுப்பதில்லை. வெயில் ஏறியதும் எடுக்கிறது. காயிலை மாற்றச் சொல்கிறார் எலெக்ட்ரீஷியன். (குமுளி)

பதில்: காயிலுக்குள் நாள்தோறும் ஈரம் ஏறி இறங்குவதில்லை. சாரலும் மூடுபனியும் படிவது டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியான கேப்பிலும், அதனுள் சுழலும் ரோட்டரிலும், வெடித்த ஒயர்களிலும், காயில் தலையின் வெளிப்புறத்திலும்தான். விடியும் முன் இருட்டில் பானட்டைத் திறந்து வைத்து ஸ்டார்ட்டர் போடச் சொன்னால், மின்சாரம் ஒழுகும் இடம் நீலமாக மின்னிக் காட்டிக்கொடுத்துவிடும். கேப்பின் உட்புறத்தில் பென்சிலால் கிழித்ததுபோல் கருங்கோடு இருந்தால் அதைத் தேய்த்துப் பயனில்லை, கேப்பை மாற்ற வேண்டும். காயில் தலையில் அப்படிக் கோடு இருந்தால் மட்டுமே உங்கள் எலெக்ட்ரீஷியன் சொல்வது சரி.

கேள்வி: எனது டீசல் ஜீப்பும் காலையில் தாமதமாக ஸ்டார்ட் ஆகிறது. நல்ல காயில் எது? (பூப்பாறை)

பதில்: டீசல் எஞ்சினில் இக்னிஷன் காயில் கிடையாது, அழுத்தத்தில் எழும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினானால் அவற்றையும், பிறகு பேட்டரியையும் டீசல் லைனில் காற்று புகுவதையும் பாருங்கள்.

கேள்வி: காயிலின் இரண்டு சிறு ஒயர்களையும் இடம் மாற்றி மாட்டியும் வண்டி ஓடுகிறது. அப்படியே விடலாமா? (கம்பம்)

பதில்: விடக் கூடாது. பிளக்கின் நடுமுனை எதிர்மின் பக்கமாக இருக்க வேண்டும். சூடான அந்த முனையிலிருந்து எலெக்ட்ரான்கள் எளிதில் கிளம்புவதால் குறைந்த வோல்டேஜிலேயே பொறி விழும். மாற்றி மாட்டினால் கூடுதல் வோல்டேஜ் தேவைப்படும். சமவெளியில் தெரியாத குறை, முழு ஆக்சிலேட்டரில் ஏற்றம் ஏறும்போது மிஸ்ஸாக வெளிப்படும். பேட்டரியின் மைனஸ் பாடியில் இணைந்த வண்டியில், சாவியிலிருந்து வருவது பிளஸ் முனைக்கும், டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போவது மைனஸ் முனைக்கும் செல்ல வேண்டும்.

கேள்வி: ஒவ்வொரு பிளக்கின் மேலும் தனிக் காயில் உள்ள சிறிய சரக்கு வண்டி, கேஸில் ஓட்டும்போது மட்டும் மிஸ் அடிக்கிறது. நான்கு காயில்களையும் மாற்றச் சொல்கிறார்கள். (சின்னமனூர்)

பதில்: அழுத்திய இயற்கை எரிவாயுக் கலவையில் பொறி விழுவதற்குப் பெட்ரோலைவிடக் கூடுதல் வோல்டேஜ் வேண்டும் என்பதால், தளர்ந்த காயிலும் தேய்ந்த பிளக்கும் முதலில் கேஸில்தான் அகப்படும். எனவே கம்பெனி சொன்ன இடைவெளியில் புதிய பிளக்குகளைப் போட்டுப் பாருங்கள். பாதி வண்டிகள் இத்துடன் சரியாகிவிடுகின்றன என்பது என் எண்ணம். அதன் பிறகும் மிஸ் நீடித்தால் ஸ்கேனரில் கோளாறுக் குறியீடு பாருங்கள். பி0302 என்று வந்தால் இரண்டாம் சிலிண்டர். எஞ்சினை அணைத்துவிட்டு, அதன் காயிலை மூன்றாவதற்கும் மூன்றாவதன் காயிலை இரண்டாவதற்கும் மாற்றி மாட்டி ஓட்டுங்கள். குறியீடு பி0303 ஆக மாறினால் அந்த ஒரு காயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் ஒயரிங், இன்ஜெக்டர், வால்வு என்று தேட வேண்டும். பிளக் குழியில் ஆயில் தேங்கியிருந்தால் அந்தக் கசிவை நிறுத்தாமல் புதுக் காயில் போடுவது வீண். செக் லைட் சிமிட்டிக்கொண்டிருக்கும்போது மலையேற்றம் வேண்டாம். எரியாத எரிபொருள் சைலன்சர் வழியிலுள்ள கேட்டலிட்டிக் கன்வர்ட்டரில் எரிந்து அதையும் கெடுத்துவிடும். நான்கையும் வாங்கும் பணத்தில் ஒன்றை மாட்டி, இன்னொன்றைச் சீட்டுக்கு அடியில் உபரியாக வைத்துக்கொள்ளலாம்.