ஸ்காட்லாந்தின் டர்க் குத்துவாளைக் கையாலேயே செய்ய முடியுமா? அதன் மரப்பிடியில் உள்ள பின்னல் வேலைப்பாட்டை எப்படிச் செதுக்குகிறார்கள்?

தாராளமாக முடியும். ஒரே ஒரு வேண்டுகோள்: அலகிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். டர்க் செய்ய ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் உலையையும் சம்மட்டியையும் பற்றித்தான் கேட்கிறார்கள். அந்தக் காலத்து ஹைலேண்டு மலைநாட்டிலோ, உடைந்த வாளின் அலகை வெட்டிக் குறைத்து டர்க்குக்குப் பயன்படுத்துவது சாதாரணம். ஜெர்மனியின் சோலிங்கனிலிருந்து வந்த வாள் அலகுகள்கூட அப்படி டர்க்குகளில் போய்ச் சேர்ந்திருக்கின்றன. அலகு எங்கிருந்து வந்தாலும் பிடி மட்டும் உள்ளூர்க் கைவேலை. நான் கிளாஸ்கோவில் வசிக்கிறேன், மரம் செதுக்குவதில் எனக்குப் பெரிய ஈடுபாடு. அதனால் பிடியைப் பற்றி விரிவாகவும் மற்றதைச் சுருக்கமாகவும் சொல்கிறேன்.

முதலில் வடிவம். இடைக்கால ஐரோப்பாவில், பிடியின் அடியில் இரண்டு உருண்டைகள் வைத்த ஒரு வகைக் குத்துவாள் இருந்தது. டர்க் அதன் வழிவந்தது. 17ஆம் நூற்றாண்டில் அதற்குத் தனி உருவம் அமைந்துவிட்டது. பழைய உருண்டைகள் அலகின் தோள்களை இருபுறமும் அணைக்கும் புடைப்புகளாக அமுங்கின. அதற்கு மேலே கை பிடிக்கும் பகுதி, உச்சியில் தட்டையான வட்டத் தலை. வாளில் இருப்பது போன்ற குறுக்குக் கம்பி இதில் கிடையாது. மொத்தப் பிடியும் சுமார் 10 முதல் 12 செ.மீ. தான், அலகு 30 செ.மீ.க்குக் குறையாமல் இருக்கும். பிடி ஏன் இவ்வளவு குட்டை என்று தோன்றலாம். வலது கையில் வாள், இடது கையில் கேடயம், அந்த இடது கையிலேயே முனை கீழ்நோக்கி இருக்கும்படி டர்க் என்று ஏந்திப் போரிட்டவர்கள் அவர்கள். அப்படிப் பிடிக்கும்போது கை நழுவாமல் காப்பது உச்சியில் உள்ள அந்த வட்டத் தலைதான். அதை மெலிதாகவோ சிறிதாகவோ செய்துவிட்டால் பார்க்க அழகாக இருக்கலாம், ஆனால் டர்க்காக இருக்காது.

மரத்தைப் பொறுத்தவரை, பழைய டர்க்குகளில் பாக்ஸ்வுட், ஐவிக் கொடியின் வேர், ஹெதர் செடியின் வேர், சதுப்பு ஓக் எல்லாம் உண்டு. சதுப்பு ஓக் ஓர் அதிசயம். கரிச்சேற்றுக்குள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் புதைந்து கிடந்த ஓக் மரம் அது. மரத்தில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருளும் நீரில் கரைந்திருக்கும் இரும்பும் சேர்ந்து அதை உள்வரை கறுப்பாக்கிவிடுகின்றன. வெளியே எடுத்ததும் அவசரமாகக் காயவைத்தால் பிளந்துவிடும். இன்றைய கைவினைஞர்களில் பலர் ஆப்பிரிக்கக் கருமரத்தை எடுக்கிறார்கள்; பேக்பைப் என்ற ஸ்காட்டிய ஊதுகருவியின் குழல்களைக் கடைவதும் அதே மரத்தில்தான். முதல் முறை செதுக்குகிறவர்களுக்கு நான் சொல்வது பாக்ஸ்வுட். இழை மிக நெருக்கம், உளியை எந்தப் பக்கம் திருப்பினாலும் விளிம்பு உதிராது. ஓக்கில் துளைகள் பெரியவை, மெல்லிய பின்னல் கோடு அதில் உடைந்துபோகும். எந்த மரமானாலும் முகக்கவசம் போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள். கருமரத்தூள் பலருக்கு ஒவ்வாமை உண்டாக்கும்.

கட்டை சதுரமாக இருக்கும்போதே நடுவில் துளை போட்டுவிட வேண்டும். செதுக்கிய பிறகு துளையிட்டால் கோணல் தெரியாமலே போய் ஒருபக்கம் சுவர் மெலிந்துவிடும். அலகின் பின்னால் நீளும் வால் பகுதி இந்தத் துளை வழியாக உச்சி வரை வந்து, பித்தளை அல்லது வெள்ளித் தகட்டைத் தாண்டி வெளியே தலைகாட்ட வேண்டும். கடைசியில் அந்த முனையைச் சுத்தியலால் தட்டி விரித்துவிட்டால் எல்லாம் ஒன்றாக இறுகிக்கொள்ளும். துளைக்குள் எபாக்ஸிப் பசையும் ஊற்றுவது இன்றைய வழக்கம், தப்பில்லை. உடலை லேத்தில் கடையலாம். புடைப்புகள் இருக்கும் அடிப்பகுதிக்கு மட்டும் அரமும் கத்தியும்தான் வழி.

இப்போது பின்னல். சிக்குக் கோலம் போட்டுப் பழகியவர்களுக்கு இதன் பாதி ஏற்கெனவே தெரியும்: புள்ளிகளைச் சீராக வை, கோடு புள்ளிகளைச் சுற்றி ஓடிப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பட்டும். ஸ்காட்டியப் பின்னலில் கூடுதலாக இருப்பது மேலே-கீழே விதி. ஒரு பட்டை முதல் சந்திப்பில் மேலே போனால் அடுத்ததில் கீழே, அதற்கடுத்ததில் மேலே. கடைசி வரை இது பிசகக் கூடாது. எங்காவது தொடர்ந்து இரண்டு முறை மேலே வருகிறதென்றால் வரைதலிலேயே ஏதோ ஒரு சந்திப்பு விட்டுப்போயிருக்கிறது. உளியைத் தொடும் முன் பென்சிலால் முழுதும் தடவிப் பார்த்துவிடுங்கள்.

சிரமம் என்னவென்றால் பிடி ஒரே சீரான உருளை கிடையாது. இடையில் ஒடுங்கி, மேலே விரியும். அதனால் காகிதத்தில் வரைந்து அப்படியே ஒட்டினால் சுருங்கிப்போகும். நான் செய்வது இதுதான்: ஒரு காகித நாடாவைப் பிடியைச் சுற்றி, ஒன்றன்மேல் ஒன்று வரும் இடத்தில் வெட்டி, நான்காக மடித்து, மறுபடி எட்டாக மடித்து, திரும்பச் சுற்றி மடிப்புகளின் நேரே புள்ளி வைப்பேன். ஒவ்வொரு உயரத்துக்கும் புது நாடா. புள்ளிகளை மேலிருந்து கீழாக இணைத்தால் இடையில் கட்டங்கள் தாமாகவே குறுகி, மேலே அகலும். பட்டையும் அப்படியே சேர்ந்து வளைந்து போகும். பழைய பிடிகளின் அழகே இந்த மெல்லிய மாற்றத்தில்தான் இருக்கிறது. எந்திரம் செதுக்கிய பிடிகள் உயிரில்லாமல் தெரிவதற்கு அது இல்லாததே காரணம் என்பேன்.

வரைந்ததும், பட்டையின் இரு ஓரமும் கூரான கத்தியால் நேராக வெட்டுங்கள். பிறகு பட்டைகளுக்கு நடுவில் உள்ள தரையை ஒன்றரை அல்லது இரண்டு மி.மீ. இறக்குங்கள். அதற்குப் பிறகுதான் கீழே போகும் பட்டையைச் சந்திப்பின் இருபுறமும் சரித்து இறக்க வேண்டும். சரிவு சந்திப்பை ஒட்டி மட்டும் இருந்தால் வெட்டுக்காயம் மாதிரித் தெரியும். கொஞ்சம் தள்ளியே ஆரம்பித்தால் நிஜமாகவே நுழைந்து போவது போல இருக்கும். வட்டமான பரப்பு என்பதால் பாதி வெட்டுகள் இழைக்கு எதிராகத்தான் அமையும், அங்கெல்லாம் உளியைத் திருப்பிக்கொள்ளுங்கள். அடிக்கடி உளியைத் தோல்பட்டையில் தீட்டுங்கள். உப்புத்தாளை மிகக் குறைவாகப் பயன்படுத்துங்கள், அது விளிம்புகளைத் தின்றுவிடும். ஆளிவிதை எண்ணெயும் தேன்மெழுகும் போதும்.

சந்திப்புகளில் சின்னப் பித்தளை ஆணி பதிப்பது பெரும்பாலும் பிற்கால வழக்கம். 1746இல் கலோடன் போரில் பிரிட்டிஷ் அரசுப் படையிடம் தோற்ற பிறகு ஹைலேண்டு மக்களுக்கு ஆயுதத் தடை கடுமையானது, அவர்களது உடைக்கும் தடை வந்தது. உடைத் தடை 1782இல் நீங்கியது. 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ வந்தபோது ஹைலேண்டு உடை பெரிய அலங்காரமாகத் திரும்பியது. அதன் பிறகு வந்த டர்க்குகளில் பின்னல் வெறும் கூடைமுடைச்சலாகச் சுருங்கி, கட்டத்துக்குக் கட்டம் ஆணி, உச்சியில் கெய்ர்ன்கார்ம் எனும் புகைநிறக் குவார்ட்ஸ் கல் என்று மாறிவிட்டது. ராணுவ பேக்பைப் கலைஞர்கள் இடுப்பில் பார்ப்பது அந்த மரபுதான். எனக்கு 18ஆம் நூற்றாண்டின் முற்பாதிப் பிடிகள்தான் உயர்ந்தவை. எடின்பரோ தேசிய அருங்காட்சியகத்துக்குப் போக வாய்ப்பிருந்தால் அவற்றை நேரில் பாருங்கள், படத்தில் ஆழம் தெரியாது.

அலகைப் பற்றி: ஒருபக்கம் மட்டும் கூர், முதுகு தடிமன், முனையை நோக்கி மெலிவு. 1084 என்ற தர எண் கொண்டது போன்ற உயர்கரிம எஃகு புதியவர்களுக்கு ஏற்றது. காந்தம் ஒட்டாத சூட்டைக் கொஞ்சம் தாண்டி, சுமார் 815 டிகிரி செல்சியஸில் எண்ணெயில் தோய்க்க வேண்டும். பிறகு 200 டிகிரி அளவில் இரண்டு முறை, முறைக்கு இரண்டு மணி நேரம் வைத்துப் பதப்படுத்த வேண்டும். எண்ணெய் தீப்பிடிக்கும், மூடி போட்ட இரும்புத் தொட்டியும் திறந்தவெளியும் அவசியம். உலை வசதி இல்லையென்றால் முதல் டர்க்குக்கு நல்ல அலகை விலைக்கு வாங்கிக்கொள்ளுங்கள்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்தில் தேசிய உடையின் பகுதியாக அணிந்து செல்வதைச் சட்டம் ஏற்கிறது; சும்மா பையில் போட்டுக்கொண்டு திரிவதை ஏற்காது. இந்தியாவின் ஆயுத விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமான, வீட்டு உபயோகத்துக்கு அல்லாத அலகுகளை ஆயுதப் பட்டியலில் வைக்கின்றன. டர்க் அந்த அளவைத் தாண்டும். அங்கே இருப்பவர்கள் உங்கள் மாவட்டத்தில் உரிமம் தேவையா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அலகில் கைவையுங்கள். பிடியை இன்றைக்கே ஆரம்பிக்கலாம், மரம் செதுக்க யாரும் உரிமம் கேட்கமாட்டார்கள்.