சோறு செரிக்கிறது, வைக்கோல் ஏன் நமக்குச் செரிப்பதில்லை? இரண்டிலும் இருப்பது குளுக்கோஸ்தானே?

ஆம், குளுக்கோஸ்தான். அரிசியின் மாவுச்சத்தும் வைக்கோலில் மிகுந்துள்ள செல்லுலோஸும் பாலிசாக்கரைடுகள். அதாவது நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் மூலக்கூறுகள் கோத்த நீண்ட சங்கிலிகள். சர்க்கரை ஒன்று, கோத்த விதம் வேறு.

குளுக்கோஸ் வளையத்தை வழக்கம்போல் வரைந்து, வலது ஓரத்திலுள்ள 1-ஆம் கார்பனைப் பாருங்கள். அதிலுள்ள ஹைட்ராக்சில் (OH) தொகுதி கீழ்நோக்கி இருந்தால் ஆல்ஃபா, மேல்நோக்கி இருந்தால் பீட்டா. மாவுச்சத்தில் வருவது ஆல்ஃபா பிணைப்பு, செல்லுலோஸில் பீட்டா. பீட்டா பிணைப்பு அமைய, அடுத்தடுத்த குளுக்கோஸ்கள் மாறி மாறித் தலைகீழாகத் திரும்ப வேண்டும். ஒரே மல்லிகை மொட்டுகளை ஒரே பக்கம் பார்க்கக் கோத்தால் ஒரு சரம். ஒன்றை மேலும் அடுத்ததைக் கீழுமாக வைத்துத் தொடுத்தால் அது வேறு சரம் அல்லவா, அதுபோல.

இந்தச் சிறு திருப்பம் எவ்வளவு பெரிய வேலை செய்கிறது என்பதுதான் எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகப் பிடித்த இடம். மாவுச்சத்துச் சங்கிலி சுருள்கிறது. நம் உமிழ்நீரிலுள்ள அமைலேஸ் நொதி அதைப் பற்றி வெட்டிவிடுகிறது. செல்லுலோஸ் சங்கிலிகளோ நேராக நீண்டு, பக்கம் பக்கமாக அடுக்கி, ஹைட்ரஜன் பிணைப்புகளால் இறுகிக்கொள்கின்றன. பருத்தி நூலுக்கு வலு தருவது இதுவே. பருத்தி இழையில் சுமார் 90 சதவீதம் செல்லுலோஸ். பீட்டா பிணைப்பு அமைலேஸின் வடிவத்துக்குப் பொருந்துவதும் இல்லை.

வைக்கோலைத் தின்று செரிக்கும் மாட்டின் உடல் செல்லுலோஸை வெட்டும் நொதியைச் சுரக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அந்த வேலையைச் செய்பவை அதன் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிரிகள்.