'அமீலியரேட்' (ameliorate) என்றால் 'இம்ப்ரூவ்' தானே? மனுவில் போடலாமா?

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் எங்கள் தெருச் சாக்கடை உடைந்து கிடக்கிறது. ஆங்கிலத்தில் மனு எழுதுகிறேன். 'இம்ப்ரூவ்' என்பதைவிட 'அமீலியரேட்' போட்டால் எடுப்பாக இருக்கும் என்கிறார் நண்பர். இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. நண்பர் சொன்னதைக் கேட்டு இதை மனுவில் எழுதிவிடாதீர்கள்.

காய்ச்சலில் படுத்தவரிடம் "எப்படி இருக்கு?" என்று கேட்டால், "நேத்துக்கு இன்னைக்குத் தேவலை" என்பார். குணமாகிவிட்டது என்று அதற்கு அர்த்தம் கிடையாது. காய்ச்சல் இன்னும் இருக்கிறது, வேகம் மட்டும் இறங்கியிருக்கிறது. கெட்டுக் கிடக்கும் ஒன்றை அந்தத் 'தேவலை' நிலைக்குக் கொண்டுவருவதுதான் அமீலியரேட். 'இம்ப்ரூவ்' நல்லதற்கும் பொருந்தும், கெட்டதற்கும் பொருந்தும். 85 மதிப்பெண்ணை 95 ஆக்குவது இம்ப்ரூவ். அங்கே அமீலியரேட் போட்டால், 85 என்பதே பெரிய கேடு என்று ஆகிவிடும். ஏற்காட்டு விடுதிக்காரர் 'உங்கள் விடுமுறையை அமீலியரேட் செய்கிறோம்' என்று பலகை வைத்தால் வருகிறவர் மனம் சுணங்கும்.

ஆகவே இந்த வினைக்குப் பின்னால் வரும் சொல் ஏதாவது ஒரு கஷ்டத்தைக் குறிக்க வேண்டும்: வறுமை, நெரிசல், வறட்சியின் பாதிப்பு, நோயின் தீவிரம். 'நிலைமை', 'சூழல்' போன்ற பொதுச்சொல்லும் வரலாம். அந்த நிலைமை மோசமானது என்பது வாக்கியத்திலிருந்து தெரிந்தால் போதும். சாயக்கழிவும் சாக்கடையும் கலக்கும் திருமணிமுத்தாற்றைப் பற்றி 'டு அமீலியரேட் த கண்டிஷன் ஆஃப் த ரிவர்' என்று எழுதினால் கச்சிதம்.

இன்னொரு பிழை பரவலாக நடக்கிறது. 'டிடீரியரேட்' என்பதற்கு நேர் எதிர்ச்சொல் இது என்று மனப்பாடம் செய்கிறார்கள். பொருளில் எதிர்தான். லத்தீனில் 'டெட்டீரியர்' என்றால் மேலும் கெட்டது, 'மெலியர்' என்றால் மேலும் நல்லது. ஆனால் வாக்கியத்தில் இரண்டும் நடக்கும் விதம் வேறு. டிடீரியரேட் பெரும்பாலும் தன்வினை, ரோடு தானே கெடுகிறது. அமீலியரேட் பெரும்பாலும் பிறவினை, யாராவது அல்லது எதாவது சீராக்க வேண்டும். திருந்து, திருத்து என்பதில் இது 'திருத்து' பக்கம். 'த ரோட் அமீலியரேட்டட்' என்று முற்றுப்புள்ளி வைத்தால் காதில் உறுத்தும். அகராதியில் தன்வினையும் இருக்கிறதே என்று சிலர் வருவார்கள். இருக்கிறது, ஆனால் அரிது. தேர்வில் எழுதுகிறவர் அரிய வழக்கை நம்பிப் போக வேண்டாம்.

'அலீவியேட்' இதற்குப் பக்கத்துச் சொல்: வலி, பாரம், துன்பம் இவற்றை இலேசாக்குவது. மாத்திரை வலியை அலீவியேட் செய்யும், வலிக்குக் காரணமான நோய் அப்படியே இருக்கும். 'மிட்டிகேட்' ஒரு பாதிப்பின் கடுமையைத் தணிப்பது, பெரும்பாலும் முன்னேற்பாடாக.

சொல்லின் அளவு பிடிபட வேண்டுமென்றால் சேர்வராயன் மலை காபித் தோட்டத்து மண்ணைப் பாருங்கள். வேளாண்மையில் 'அமீலியரேஷன்' என்பது அன்றாடம் புழங்கும் தொழிற்சொல். மழை மண்ணிலிருக்கும் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கழுவிக்கொண்டு போக, மண் புளித்துப்போகிறது. புளிப்பு மிஞ்சினால் மண்ணிலிருக்கும் அலுமினியம் கரைந்து வேரைக் கருக்கும். போட்ட பாஸ்பரஸ் உரமும் மண்ணோடு இறுகிச் செடிக்கு எட்டாமல் போகும். மண் பரிசோதனை செய்து, அதில் சொன்ன அளவுக்குச் சுண்ணாம்போ டோலமைட்டோ தூவுகிறார்கள். புளிப்பைக் காட்டும் பிஎச் அளவை யாரும் 7-க்கு, அதாவது புளிப்பே இல்லாத நிலைக்கு, ஏற்றப் பார்ப்பதில்லை. காபிக்கு 6-ஐ ஒட்டிய இலேசான புளிப்புதான் பிடிக்கும். அளவுக்கு மீறிக் கொட்டினால் இரும்பும் துத்தநாகமும் செடிக்குக் கிடைக்காமல் இலை வெளுக்கும். கேட்டைக் குறைத்து, பிழைக்கிற அளவுக்குக் கொண்டுவந்து நிறுத்துவதுதான் அமீலியரேட்.

உச்சரிப்பு: அ-மீ-லிய-ரேட். அழுத்தம் 'மீ'யில். 'அமெலியோரேட்' வேண்டாம். எழுத்தில் எம் ஒன்று, எல் ஒன்று.

இப்போது உங்கள் மனு. 'ப்ளீஸ் அமீலியரேட் த ட்ரெயினேஜ்' என்று எழுதினால், சாக்கடையைத் தேவலை ஆக்குங்கள் என்று கேட்டதாகிவிடும். ஒரு கூடை மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு 'நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று பதில் அனுப்பலாம், அந்தச் சொல்லின்படி அது சரியும்கூட. உங்களுக்கு வேண்டியது 'ரிப்பேர்' அல்லது 'ரீபில்ட்'.

அதற்கும் மேலே, ஏன் ஆங்கிலம்? தமிழை ஆட்சிமொழியாக்கிய சட்டம் 1956-லேயே வந்துவிட்டது. இங்கிலீஷில் இருந்தால்தான் படிப்பார்கள் என்று சொல்லி, கூலிவேலைக்குப் போகிறவர்களிடம் பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு மனு எழுதித் தருகிறவர்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. எழுதிக் கொடுத்ததை அந்த மனுதாரரால் ஒருமுறை வாசித்துச் சரிபார்க்கக்கூட முடியாது. ஆங்கிலத்தின் மேல் எனக்கு வெறுப்பு என்று நினைக்க வேண்டாம். இவ்வளவு நேரம் ஆங்கிலச் சொல்லுக்குத்தான் உரை எழுதியிருக்கிறேன்.

சாக்கடை மாநகராட்சி வேலை. அம்மாபேட்டை மண்டல அலுவலகத்தில் முதலில் கொடுங்கள். அங்கே நகராவிட்டால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் கொடுங்கள். தெருப்பெயர், வார்டு எண், எந்த வீட்டு எண்ணிலிருந்து எது வரை எத்தனை அடி உடைந்திருக்கிறது, எந்த மாதத்திலிருந்து என்பதைத் தமிழில் எழுதுங்கள். இரண்டு போட்டோ இணையுங்கள். கொடுத்ததற்கு ரசீது வாங்காமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள்.