ரேஞ்சில் போகும் பந்து கோர்ஸில் ஏன் போவதில்லை?

கேள்வி: எனக்கு 46 வயது. சென்னையில் வாரம் மூன்று நாள் கோல்ஃப் பயிற்சி செய்யும் ரேஞ்சுக்குப் போய் ஒவ்வொரு முறையும் 100 பந்து அடிக்கிறேன். 7 அயர்ன் (நடுத்தரத் தூரத்துக்கான மட்டை) அழகாகப் போகிறது, டிரைவரும் (நெடுந்தூரத்துக்கான மட்டை) பரவாயில்லை. ஆனால் நிஜ ஆட்டம் நடக்கும் கோர்ஸில் இறங்கினால் எல்லாம் போய்விடுகிறது. அடி எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது; எனக்கோ 110-க்குக் கீழே ஸ்கோர் வந்ததே இல்லை. அடுத்த மாதம் நண்பர்களோடு ஊட்டியில் ஆடப் போகிறேன். கோச் புது செட் வாங்கச் சொல்கிறார், கூடவே இன்னொரு வகுப்பு பேக்கேஜும். வாங்கலாமா?

பதில்: செட் வாங்காதீர்கள். பேக்கேஜும் இப்போதைக்கு வேண்டாம். ரேஞ்சில் 7 அயர்ன் நன்றாகப் போகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். அதே கிளப்பைத்தான் (மட்டையைத்தான்) கோர்ஸுக்கும் எடுத்துப் போகிறீர்கள். அப்படியானால் கோளாறு கிளப்பில் இல்லை, நீங்கள் பழகும் முறையில் இருக்கிறது.

ரேஞ்சில் ஒரே கிளப்பை எடுத்து, ஒரே இடத்தில் நின்று, ஒரே பக்கமாக அடித்துக்கொண்டே இருக்கிறீர்கள். பத்தாவது பந்து நன்றாகப் போவதற்குக் காரணம், அதற்கு முன் அடித்த ஒன்பதும் கை நினைவில் சூடாக இருப்பதுதான். கோர்ஸில் அது நடக்காது. டிரைவர் அடித்துவிட்டு இருநூறு யார்டு நடக்கிறீர்கள். நண்பரின் பந்தைத் தேடுகிறீர்கள். ஐந்து நிமிஷம் கழித்து வேறொரு கிளப், வேறு புல், வேறு சரிவு. அந்த ஷாட் ஒரே ஒரு முறைதான். ஏழாம் வாய்ப்பாட்டை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் பிள்ளையிடம் திடீரென்று ‘ஏழெட்டு எவ்வளவு’ என்று கேட்டால், அது மறுபடி ஏழொண்ணு ஏழிலிருந்து தொடங்கும். உங்கள் 7 அயர்னும் இப்போது அந்த நிலையில்தான் இருக்கிறது.

இது என் சொந்த ஊகம் இல்லை. 1979-இல் அமெரிக்காவில் ஷே, மார்கன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். சின்ன மரத் தடுப்புகளைக் கையால் குறிப்பிட்ட வரிசையில் தட்டிவிட வேண்டும், மூன்று வரிசைகள். ஒரு வரிசையை முழுக்க முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனவர்கள் பயிற்சியின்போது வேகமாகச் செய்தார்கள். மூன்றையும் கலந்து பழகியவர்கள் அப்போது தடுமாறினார்கள். ஆனால் பிறகு சோதித்துப் பார்த்தபோது கலந்து பழகியவர்களுக்குத்தான் அது நன்றாக நினைவில் இருந்தது. பயிற்சி நேரத்தில் வரும் திருப்தியை வைத்து எவ்வளவு கற்றோம் என்று அளக்கக் கூடாது என்பதை மட்டும் இதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

சிக்கலும் இங்கேதான். கலந்து அடித்தால் அன்றைக்கு மோசமாகப் போகும், மாணவர் முகம் வாடும். ஒரே கிளப்பில் ஐம்பது அடிக்க வைத்தால் ‘இன்னைக்கு சூப்பர் சார்’ என்று சொல்லி அனுப்பலாம், அடுத்த பேக்கேஜும் ஓடும். பல கோச்சுகள் இதையேதான் செய்கிறார்கள். கிளப் விற்கிற கடையோடு கமிஷன் பேசி வைத்திருப்பவர்களும் உண்டு. வலைக்குள் நாலு பந்து அடிக்க வைத்து, திரையில் ஒரு நம்பரைக் காட்டி, ‘இந்த டிரைவரில் இருபது யார்டு கூடும்’ என்பார்கள். அந்த நாலில் நன்றாகப் போன ஒன்றைத்தான் காட்டுவார்கள். ஆன்லைனில் பாதி விலைக்கு வரும் பெரிய பிராண்டு செட்டுகளிடம் இன்னும் கவனமாக இருங்கள்; போலி கிளப் வியாபாரம் உலகம் முழுக்க நடக்கிறது. உங்கள் கோச்சிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: ‘என்னோடு கோர்ஸில் ஒன்பது ஹோல், அதாவது பாதி ஆட்டம், நடந்து வருவீர்களா?’ பல மாதம் கற்றுக்கொடுத்தும் ஒரு தடவைகூட வராதவரிடம் இனிமேலும் பணம் கட்டாதீர்கள்.

கோச்சுகளை மட்டும் குறை சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை. நம் ஊரில் கோர்ஸ் என்றாலே அந்தச் சங்கத்தின் உறுப்பினர், இல்லாவிட்டால் உறுப்பினரின் விருந்தாளி. கற்றுக்கொள்ள வருகிறவருக்கு ரேஞ்சின் ரப்பர் மேட்டை (விரிப்பை) காட்டி நிறுத்திவிடுகிறோம். பிறகு ‘இவர்களுக்கு ஆடத் தெரியவில்லை’ என்கிறோம். சாயங்காலம் ஒரு மணி நேரம் மூன்று ஹோல்களைக் கற்பவர்களுக்குத் திறந்துவிட்டால் என்ன குடிமுழுகிப் போய்விடும்? எத்தனை தடவை கேட்டாலும் பதில் வருவதில்லை.

சரி, உங்கள் ஒரு மாதத்துக்கு வருகிறேன். 100 பந்து வேண்டாம், 50 போதும். முதல் பத்து உடம்பு சூடேற. மீதி நாற்பதில் ஒரே கிளப்பை அடுத்தடுத்து இரண்டு முறை தொடாதீர்கள். மனசில் ஒரு ஹோலைக் கட்டிக்கொண்டு ஆடுங்கள். 380 யார்டு, பார் 4, அதாவது நாலு அடியில் குழிக்குள் போட வேண்டியது. டிரைவர் அடியுங்கள். எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போட்டு அதற்கேற்ற அயர்னை எடுங்கள். அது வலது பக்கம் விலகினால் அடுத்தது வெட்ஜில் (கிட்டத் தூரத்துக்கான மட்டை) சின்ன சிப், அதாவது மெதுவாகத் தூக்கிவிடும் அடி. ஒவ்வொரு பந்துக்கும் விரிப்பை விட்டுப் பின்னால் வந்து, குறியைப் பார்த்து, மறுபடி போய் நில்லுங்கள். உங்கள் முறை வந்தபின் 40 விநாடிக்குள் அடிக்க வேண்டும் என்று விதிப் புத்தகமே பரிந்துரைக்கிறது. அந்த அளவில் பழகுங்கள். முதல் வாரம் ரேஞ்சில் மோசமாகத்தான் போகும். பயப்படாதீர்கள்.

அந்த ரப்பர் விரிப்பு இன்னொரு பொறி. பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் அடித்தாலும் ரப்பரில் கிளப் வழுக்கிப் போய்ப் பந்தைத் தூக்கிவிடும். புல்லில் அதே அடி மண்ணைத் தோண்டி நின்றுவிடும். பந்துக்குச் சற்றுப் பின்னால் ஒரு துண்டை மடித்துப் போடுங்கள். கிளப் துண்டில் பட்டால் அந்த அடி கோர்ஸில் செல்லாது.

புட்டிங்கிற்கு, அதாவது பந்தைக் குழிக்குள் உருட்டிப் பழக, ஒரே பந்து. மூன்று பந்தை வரிசையாக வைத்துப் புட் செய்தால் இரண்டாவதும் மூன்றாவதும் முதல் பந்தைப் பார்த்து அடிப்பவை. ஒவ்வொரு முறையும் வேறு தூரம், வேறு சரிவு, குழிக்குள் விழும்வரை. உங்கள் பழைய ஸ்கோர் கார்டு இருந்தால், கிரீனிலும் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) அதன் ஓரத்திலும் எத்தனை அடி போனது என்று எண்ணிப் பாருங்கள். டிரைவர் வாங்கும் ஆசை தானாகக் குறையும்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, அதை அழுத்திச் சொல்ல வேண்டும். கிரிப்பையோ (பிடியையோ) ஸ்விங்கையோ (வீச்சையோ) புதிதாக மாற்றினால் முதலில் ஒரே கிளப்பைத்தான் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டும். மெதுவாக, பாதி ஸ்விங்கில், குறி எதையும் பார்க்காமல். புது கிரிப் கையில் அன்னியமாக இருக்கும்போது கிளப்பையும் மாற்றிக்கொண்டே இருந்தால் கை பழைய வழிக்கே திரும்பிவிடும். ஆனால் புது அசைவில் பந்து ஓரளவு சுத்தமாகப் பட ஆரம்பித்த அன்றே கலக்கத் தொடங்கிவிடுங்கள். ‘இன்னும் ஸ்விங் செட் ஆகவில்லை’ என்று வருஷக்கணக்கில் இந்தப் படியிலேயே நிற்பவர்கள் ஏராளம். அவர்களுக்கு இந்த விதிவிலக்கு பொருந்தாது. உங்களுக்கும் பொருந்தாது, ஏனென்றால் ஊட்டிக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஸ்விங்கில் கை வைக்கவே கூடாது.

ஊட்டியில் சமதளம் குறைவு. ரேஞ்சில் மேடு ஏதாவது இருந்தால் அனுமதி கேட்டு அதன் ஓரத்தில் நின்று அடித்துப் பாருங்கள். வலக்கைக்காரர் என்றால், பந்து பாதத்தைவிட மேலே இருக்கும்போது இடது பக்கம் இழுக்கும். கிளப்பைச் சற்றுக் கீழே பிடித்துக் கொஞ்சம் வலது பக்கம் குறி வையுங்கள். பந்து கீழே இருந்தால் இதற்கு நேர்மாறு. ஊர் 2,200 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்று மெலிந்திருக்கும், பந்து சென்னையைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பறக்கும். முடிந்தால் முந்தின நாளே போய்ச் சேருங்கள். ஸ்ட்ரோக் பிளே (மொத்த அடிகளை எண்ணும் போட்டி) என்றால் ஆட்டத்தன்று ரவுண்டுக்கு முன் கோர்ஸில் பழக விதி இடம் தராது. ஆட்டம் தொடங்கும் முதல் டீக்குப் பக்கத்திலும் பயிற்சி கிரீனிலும் புட்டும் சிப்பும் அடித்துக்கொள்ளலாம். காலையில் அந்த இருபது நிமிஷத்தை டிரைவரில் செலவழிக்காமல் புட்டரில் செலவழியுங்கள்.