டிசேபிலிட்டி பென்ஷன் மறுக்கப்பட்டதா? உங்கள் கேள்விகளுக்குப் பதில்

ராணுவ ரெக்கார்ட்ஸ் ஆபீஸில் (வீரர்களின் ஆவணங்களை வைத்திருக்கும் அலுவலகம்) கிளார்க்காக இருந்து சுபேதாராக ஓய்வு பெற்றவன் நான். டிசேபிலிட்டி பென்ஷன் என்பது சர்வீஸால் வந்த ஊனத்துக்கோ நோய்க்கோ ராணுவ வீரருக்குக் கிடைக்கும் ஓய்வூதியம். இங்கே சொல்வது 2023 செப்டம்பர் 21-க்கு முன்னால் ராணுவத்தை விட்டு வெளியே வந்தவர்களுக்கு. அதற்குப் பின் வந்தவர்களுக்குப் புது விதிகள்.

கேள்வி: ஐயா, 17 வருஷ சர்வீஸ். வெளியே வரும்போது நடக்கும் ரிலீஸ் மெடிக்கல் போர்டில் (மருத்துவக் குழு) பிபிக்கு 30 சதவீத ஊனம் போட்டார்கள். ஆனால் 'சர்வீஸால் வந்ததுமில்லை, கூடியதுமில்லை' என்று பென்ஷனை மறுத்துவிட்டார்கள். விட்டுவிடலாமா?

விடாதீங்க தம்பி. முதலில் மெடிக்கல் போர்டு நகலைக் கேளுங்கள், தராவிட்டால் ஆர்டிஐ போடுங்கள். கையில் வந்ததும் காரணம் எழுதும் கட்டத்தைப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே ஒரு வரிதான் இருக்கும்: 'அமைதிப் பகுதியில் தொடங்கியது', அதாவது எல்லையில் இல்லாமல் சாதாரண முகாமில் இருக்கும்போது நோய் தெரிந்தது என்று. பனிமலையில் ரெண்டு வருஷம் நின்றவனுக்கு, கீழே இறங்கி வந்தபின் பிபி தெரிந்தால் அந்த ரெண்டு வருஷம் கணக்கில் இல்லையா? இந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கொதிக்கும்.

சிக்னல்ஸ் (தகவல் தொடர்புப் பிரிவு) சிப்பாய் தரம்வீர் சிங் 1985-இல் சேர்ந்தார். வலிப்பு நோய் என்று 1994-இல் 20 சதவீத ஊனத்தோடு வீட்டுக்கு அனுப்பினார்கள், பென்ஷன் இல்லை. உச்ச நீதிமன்றம் 2013-இல் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சேரும்போது மெடிக்கலில் குறிக்காத நோய், சர்வீஸால் வந்ததாகவே கொள்ளப்படும். இல்லை என்பவர்தான் நிரூபிக்க வேண்டும். போர்டு காரணம் எழுதியாக வேண்டும். உங்கள் அப்பீலில் இந்தத் தீர்ப்பு முதல் பக்கத்திலேயே இருக்கட்டும்.

கேள்வி: எங்கே, எத்தனை நாளுக்குள் போடணும் அண்ணே?

மறுப்புக் கடிதம் வந்த 6 மாதத்துக்குள் முதல் அப்பீல். அதுவும் போனால் இன்னொரு 6 மாதத்துக்குள் இரண்டாவது. பிறகு ஆயுதப்படைத் தீர்ப்பாயம். நமக்குச் சென்னையிலேயே அமர்வு இருக்கிறது. வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் நீங்களே நின்று வாதாடலாம். காலம் கடந்துவிட்டதே என்று உட்கார்ந்துவிடாதீர்கள். பென்ஷன் மாதாமாதம் தொடரும் விஷயம், தாமதத்தை மன்னிக்கிறார்கள். ஆனால் பாக்கித் தொகை பெரும்பாலும் 3 வருஷத்துக்குத்தான் கிடைக்கும்.

கேள்வி: 30 சதவீதத்தை 50 ஆக்கித் தருவார்களாமே?

ஆமாம். 50-க்குக் கீழே இருந்தால் 50, 50 முதல் 75 வரை 75, அதற்கும் மேல் 100. சர்வீஸ் முடித்து இயல்பாக வெளியே வந்தவருக்கும் இது உண்டு என்று ராம் அவதார் வழக்கில் 2014-இல் தீர்ப்பானது. கடைசிச் சம்பளம் 40,000 என்றால் 100 சதவீத ஊனத்துக்கு அதில் 30 சதவீதம், அதாவது 12,000. உங்கள் 30-க்கு 3,600. அதே 50 ஆனால் 6,000. அப்பீலிலேயே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: என் வீட்டுக்காரர் லீவில் ஊருக்கு வரும்போது ரயிலில் அடிபட்டுக் கை போனது. டூட்டியில் இல்லை என்கிறார்கள் ஐயா.

அம்மா, மதன் சிங் ஷெகாவத் என்ற ராணுவ வீரருக்கும் இதேதான் நடந்தது. லீவில் சொந்தச் செலவில் ஊருக்குப் போனாலும் அந்தப் பயணம் டூட்டிக் கணக்கில்தான் சேரும் என்று 1999-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஊர் வந்து சேர்ந்தபிறகு சொந்த வேலையாகப் போய் அடிபட்டால்தான் கஷ்டம். அதனால் லீவ் சர்டிபிகேட், ரயில் டிக்கெட், ரயில்வே போலீஸ் எஃப்ஐஆர், ஆஸ்பத்திரிச் சீட்டு நாலையும் ஒரே ஃபைலில் போட்டு, அவரையும் கூட்டிக்கொண்டு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள்.