யோசித்ததால் வந்த பிறசரா?

வணக்கம் ஐயா,

உப்புவெளியிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு 62 வயது. ஆறு வருசமாகப் பிறசருக்குக் கிளினிக் போகிறா. "யோசிச்சு யோசிச்சே வருத்தத்தைத் தேடிக்கொண்டவள்" என்று மாமாமார் முகத்துக்கு நேரே சொல்லுவார்கள். அம்மாவும் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருப்பா. உடம்பில் நோயை எதிர்க்கும் நிர்ப்பீடனக் கலங்களும் பிறசருக்குக் காரணம் என்று அண்மையில் படித்தேன். உண்மையா? அப்படியென்றால் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் கஷாயம் கொடுக்கலாமா, அல்லது அதுவே பிறசரை ஏற்றிவிடுமா? ஒரு மாதமாக 130க்குக் கீழேதான் நிற்கிறது. குளிசையை நிறுத்தலாமா என்றும் அம்மா கேட்கிறா.

வாசகி, உப்புவெளி

அன்புள்ள தங்கச்சி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். நிறுத்த வேண்டாம். 130க்குக் கீழே நிற்பது குளிசை வேலை செய்வதால்தான். கூட்டுவதோ குறைப்பதோ கிளினிக் கொப்பியைப் பார்த்து டொக்டர் முடிவு செய்யட்டும்.

நீங்கள் படித்தது உண்மை. நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் பிறசர் என்றால் இதயம், நாடி, சிறுநீரகம், உப்பு, அவ்வளவுதான். கிருமியோடு சண்டை பிடிக்கிற வெண்குழியங்களுக்கு இதில் என்ன வேலை என்று யாரும் கேட்டதாக நினைவில்லை. 2007இல் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் தோமஸ் குசிக், டேவிட் ஹரிசன் ஆகியோரின் குழு ஒரு சோதனை செய்தது. வெண்குழியங்களில் இரண்டு வகையான ரி-கலங்களும் பி-கலங்களும் இல்லாமற் பிறந்த சுண்டெலிகளுக்கு, நாடிகளைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சினைக் கொடுத்தார்கள். சாதாரண எலிகளுக்கு ஏறிய அளவு அவற்றுக்குப் பிறசர் ஏறவில்லை. வேறு எலியின் ரி-கலங்களை ஏற்றியதும் பிறசரும் ஏறியது. பி-கலங்களை மட்டும் ஏற்றியபோது அப்படி நடக்கவில்லை. பின்னாளில் வேறு சில ஆய்வுகூடங்களில் அதே வகை எலிகளுக்கு அந்தப் பாதுகாப்புத் தென்படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். விவாதம் முடியவில்லை. ஆனால் வேறு வழிகளால் வந்த சான்றுகளும் இதே பக்கம்தான் கை காட்டுகின்றன.

என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது 2010இல் வந்த ஆய்வு. இன்டர்லூகின்-17 என்பது ரி-கலங்களில் ஒரு வகை சுரக்கும் பொருள். அது இல்லாத எலிகளுக்கும் முதலில் பிறசர் மற்ற எலிகளைப் போலவே ஏறியது. ஆனால் ஏறியபடி நிற்கவில்லை. ஏற்றுவது ஒன்று, ஏறியதை இறங்க விடாமல் பிடித்து வைப்பது இன்னொன்று. இந்தக் கலங்கள் நாடியைச் சுற்றியுள்ள கொழுப்பிலும் சிறுநீரகத்திலும் போய்க் குடியேறி, அழற்சியை மூட்டி, நாடியை விறைக்கச் செய்து, உப்பை வெளியே போக விடாமல் தடுக்கின்றன. வருசக்கணக்கில் குளிசை போட வேண்டியிருப்பது ஏன் என்பது எனக்கு இதைப் படித்த பிறகுதான் கொஞ்சம் விளங்கியது.

இனி மாமாமாருக்கு. எலிகளைத் திரும்பத் திரும்ப மன அழுத்தத்துக்கு உள்ளாக்கியும் பார்த்திருக்கிறார்கள். அங்கேயும் ரி-கலங்கள் இல்லாத எலிகளுக்குப் பிறசர் அவ்வளவாக ஏறவில்லை. யோசனை நரம்பு வழியாகப் போய் இந்தக் கலங்களைத் தட்டி எழுப்புகிறது. ஆகவே யோசனைக்கும் ஒரு பங்கு இருக்கலாம். ஆனால் அது உடம்புக்குள் நடக்கிற வேலை. அம்மாவின் குணக்கேடு அல்ல. பிறசருக்கு ஒரே காரணம் இல்லை, பல காரணங்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு நிற்கின்றன என்று ஏர்வின் பேஜ் என்ற மருத்துவர் 1949இலேயே சொன்னார். கன்னியா வெந்நீர் ஊற்றில் ஏழு கிணற்றிலும் சூடு ஏழு விதம். ஒரு கிணற்றில் மட்டும் வாளியை விட்டுப் பார்த்துவிட்டுக் கன்னியாத் தண்ணீர் இவ்வளவுதான் சூடு என்று சொல்ல முடியுமா? எங்கள் வீடுகளில் பெண்களுக்கு வருகிற வருத்தத்தையெல்லாம் அவர்கள் தலையிலேயே கட்டிவிடுகிறோம். எனக்கு இது ஆறாத கோபம்.

உப்புக்கும் இதில் நேரடியான தொடர்பு உண்டு. மேலதிகமான உப்பு தோலிலும் தேங்குகிறது. அதை உணர்ந்து, நிணநீர்க் குழாய்களை வளரச் செய்து, உப்பை அகற்ற உதவுபவை அங்கேயுள்ள பெருவிழுங்கிகள். அவையும் நிர்ப்பீடனக் கலங்கள்தான். இது 2009இல் எலிகளில் தெரியவந்தது. 2013இல், உப்பு கூடினால் இன்டர்லூகின்-17 சுரக்கும் கலங்கள் பெருகுகின்றன என்று காட்டினார்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. திருகோணமலையில் இருந்துகொண்டு கருவாட்டை விடு என்று சொல்ல எனக்கு மனம் வராது. தண்ணீரில் ஊறவிட்டு, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சமையுங்கள். குழம்புக்குத் தனியாக உப்புப் போடாதீர்கள். அதையும் எப்போதாவது ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கஷாயத்துக்கு வருகிறேன். எதிர்ப்புச் சக்தி என்பது திறந்து மூடுகிற பைப் அல்ல. ரி-கலங்களிலேயே அழற்சியை அடக்குகிற வகையும் உண்டு. எலிகளில் அவை பிறசரைக் குறைத்திருக்கின்றன. எதைக் கூட்டப்போகிறோம், எதைக் குறைக்கப்போகிறோம்? தடிமனுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடிப்பதில் பிழையில்லை, ஆனால் அது பிறசருக்கு மருந்தல்ல. அதிமதுரம் சேர்ந்த கஷாயத்தை மட்டும் அம்மாவுக்குக் கொடுக்கவே வேண்டாம். அதிமதுரம் சிறுநீரகத்தை உப்பைப் பிடித்து வைக்கச் செய்து, பொட்டாசியத்தைக் குறைத்து, பிறசரை ஏற்றும்.

நிர்ப்பீடனத்தை அடக்கும் மருந்துகளால் குணப்படுத்த முடியாதா என்று நீங்கள் அடுத்துக் கேட்கக்கூடும். 2006இல் வெனிசுவேலா ஆய்வாளர்கள் சொரியாசிஸ் என்ற தோல் நோய் அல்லது முடக்குவாதத்தோடு பிறசரும் இருந்த எட்டுப் பேருக்கு அப்படியொரு மருந்து கொடுத்தபோது பிறசர் இறங்கியது, நிறுத்தியதும் திரும்ப ஏறியது. எட்டே எட்டுப் பேர். அதே வேலைக்குக் கொடுக்கும் சைக்ளோஸ்போரினும் பிரெட்னிசலோனும் பிறசரை ஏற்றுபவை. கிருமி தொற்றும் ஆபத்து வேறு. பிறசருக்காக இவற்றை யாரும் கொடுப்பதில்லை.

இதே இடத்தில் நானும் பிழைவிட்டிருக்கிறேன். முழங்கால் நோவுக்கு டைக்ளோபெனாக் வாங்கி இரண்டு கிழமை விழுங்கினேன். அழற்சியைக் குறைக்கிற குளிசை, பிறசருக்கும் நல்லதுதானே என்று நினைத்தேன். அடுத்த கிளினிக்கில் 160ஐத் தாண்டி நின்றது. அந்த வகைக் குளிசைகள் அழற்சியை அடக்கினாலும் சிறுநீரகத்தில் உப்பையும் தண்ணீரையும் தேக்கிவிடும் என்று டொக்டர் சொல்லித்தான் தெரிந்தது.

அம்மா நோவுக்கு ஏதும் போடுகிறாவா? கடைக் குளிசை, கஷாயம், எண்ணெய் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, அடுத்த கிளினிக்குக்கு நீங்களும் கூடப் போங்கள். அம்மா சொல்லத் தயங்கினால் நீங்கள் சொல்லுங்கள். மாமாமார் வரும்போது இந்தப் பதிலை அம்மாவுக்கும் கேட்கும்படி உரத்து வாசியுங்கள்.