ஆவாரையில் பச்சைப் புழு, மருந்து அடிக்கலாமா?

கேள்வி: கோவில்பட்டி பக்கம் மானாவாரி நிலம். பட்டாம்பூச்சி வரட்டும் என்று போன வருடம் வரப்பில் ஆவாரை விதைத்தேன். பத்துக்கு ஒன்றுதான் முளைத்தது. அதையும் இப்போது பச்சைப் புழு மொட்டையடிக்கிறது. பக்கத்தில் உளுந்து இருக்கிறது. வேப்பெண்ணெய் அடிக்கலாமா?

பதில்: அடிக்காதீர்கள் அண்ணாச்சி. நீங்கள் கூப்பிட்ட விருந்தாளியே அந்தப் புழுதான்.

கிட்டப் போய்ப் பாருங்கள். இலையின் நடுநரம்போடு ஒட்டி நீளமாகப் படுத்திருக்கும். இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு, அதன் மேல்விளிம்பில் பொடிப்பொடியாகக் கரும்புள்ளி. அப்படி இருந்தால் அது எமிக்ரன்ட் என்கிற வெளிர்வெள்ளைப் பட்டாம்பூச்சியின் புழு. கொழுந்தைத் திருப்பிப் பார்த்தால் நெல்மணியைவிடச் சின்னதாய், நட்டு வைத்த மாதிரி வெள்ளை முட்டைகூட நிற்கும். ஆவாரை, தகரை, கொன்றை வகையறாவைத் தாண்டி இது உளுந்துக்குப் போகாது. உளுந்தில் புழு இருந்தால் அது வேறு புழு, அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் இது கூட்டுப்புழுவாகிவிடும், ஒரு மழை கிடைத்தால் ஆவாரை மறுபடி துளிர்த்துக்கொள்ளும்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது: ஆவாரம்பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். பூவைச் சுற்றி ரீங்காரமிடுவது வண்டும் தேனீயும். பட்டாம்பூச்சி இந்தச் செடிக்கு வருவது முட்டையிடத்தான். அது தேன் குடிக்க வரப்பில் தும்பையை விட்டுவையுங்கள், களை என்று செதுக்கிவிட வேண்டாம்.

முளைப்புக்கு வருவோம். விதைத்தோல் கல் மாதிரி, அப்படியே போட்டால் இப்படித்தான் ஆகும். கொதித்த நீரை அடுப்பிலிருந்து இறக்கி விதையைப் போட்டு, இரவு முழுக்க அப்படியே ஆறவிடுங்கள். காலையில் உப்பியதை மட்டும் விதையுங்கள். உப்பாததை மணலோடு தேய்த்து மறுபடி ஊறவைக்கலாம். ஐப்பசி மழையோடு, நாலைந்து அடிக்கு ஒரு குழி, குழிக்கு மூன்று விதை. நாற்று விட்டு நடுவதைவிட நேரடியாகப் போடுவது நல்லது, ஆணிவேர் தடையில்லாமல் இறங்கினால்தான் கோடையைத் தாங்கும். உரமெல்லாம் வேண்டாம். ஆடும் பெரும்பாலும் சீண்டாது.

விதை வாங்கும்போது மட்டும் கவனம், ஆவாரையின் தாவரப் பேரினப் பெயரான சென்னா என்று கேட்டால், அதே இனத்து வேறு செடியான நிலாவாரையைக் கொடுத்துவிடுவார்கள். ஊரோரம் தானாக வளர்ந்த செடியில் காய்ந்து பழுப்பேறிய காயைப் பறித்துக்கொண்டால் காசும் மிச்சம்.